ரயில் பாதைக்குக் கடன் வாங்கினால் கணக்கை யார் பார்ப்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரின் டௌன்டவுன் ரயில் பாதைக்கு முதலில் சொன்ன மதிப்பீடு 12 பில்லியன் வெள்ளி. வேலை நடந்துகொண்டிருந்தபோதே அது 20.7 பில்லியனாகத் திருத்தப்பட்டது. 8.7 பில்லியன் கூடுதல். தேக்காவுக்குப் போய்வந்தவர்களுக்கு ரோச்சோர் கால்வாய் ஓரம் ஆண்டுக்கணக்காக நின்ற தடுப்புப் பலகைகள் நினைவிருக்கும். அந்தத் தொகை நினைவிருப்பவர்கள் குறைவு.

அந்தப் பாதை அரசாங்கத்தின் வளர்ச்சிச் செலவுப் பணத்தில் கட்டப்பட்டது. கூடுதல் செலவு எந்த ஆண்டில் நேர்ந்ததோ அந்த ஆண்டின் வரவுசெலவுக் கணக்கிலேயே வந்து இடித்தது. இதையே கடன்பத்திரம் வெளியிட்டுக் கட்டி, 50 ஆண்டுத் தேய்மானமாகப் பிரித்துப் போட்டால், வட்டி நீங்கலாக ஆண்டுக்கு 174 மில்லியன் வெள்ளி என்றுதான் ஏட்டில் தெரியும். நூறு பில்லியனைத் தாண்டிவிட்ட வரவுசெலவுத் திட்டத்தில் 174 மில்லியன் யார் கண்ணை உறுத்தும்?

நூறு ஆண்டு நிற்கும் சுரங்கத்துக்கு ஒரே தலைமுறை முழுப் பணமும் கட்ட வேண்டும் என்பது நியாயமல்ல. அதனால் கடன் வாங்கிக் கட்டுவதில் குற்றமில்லை. ஆனால் கடனுக்கு ஒரு குணம் உண்டு: செலவு எல்லை மீறினாலும் வலியைத் தவணையாக்கிவிடும். பணத்தில் கட்டும்போது போதுமாயிருந்த கண்காணிப்பு, பத்திரத்தில் கட்டும்போது போதாது. அப்படியானால் எந்த வகைக் கண்காணிப்பைக் கேட்பது? சிங்கப்பூரில் இப்போது உள்ள இரண்டு முறைகளையும், சான் ஃபிரான்சிஸ்கோவிலும் சென்னையிலும் உள்ள இரண்டு முறைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் 'நகரப் பத்திரம்' என்று தனியாக ஒன்று இல்லை. நகரமும் நாடும் ஒன்றே. நகர மன்றங்கள் பத்திரம் வெளியிடுவதில்லை. புழக்கத்தில் இருப்பவை மூன்று வகை. முதலாவது, பத்திரச் சந்தையை வளர்க்கவும் மத்திய சேம நிதிப் பணத்தை முதலீடு செய்யவும் சேமிப்பாளர்களுக்காகவும் அரசாங்கம் வெளியிடுபவை. இந்தப் பணத்தை அரசாங்கம் செலவழிக்க முடியாது, முதலீடுதான் செய்யலாம். சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் இந்த வகைதான். அதை வாங்கியவர் 'என் காசில்தான் ரயில் ஓடுகிறது' என்று சொல்லிக்கொள்ள முடியாது. இரண்டாவது, உள்கட்டமைப்புக்காகவே அரசாங்கம் வெளியிடும் பத்திரம். மூன்றாவது, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), பொதுப் பயனீட்டுக் கழகம், தேசியச் சுற்றுப்புற வாரியம், நிலப் போக்குவரத்து ஆணையம் போன்ற ஆணைபெற்ற கழகங்கள் தம் பெயரில் வெளியிடுபவை. இங்கே பேசப்போவது பின்னிரண்டையும் பற்றி.

வாசலில் பூட்டு: சிங்கா சட்டம்

முக்கிய உள்கட்டமைப்புக்கான அரசாங்கக் கடன் சட்டத்தை நாடாளுமன்றம் 2021 மே மாதத்தில் நிறைவேற்றியது. பேச்சுவழக்கில் அதற்கு 'சிங்கா' என்று பெயர். இந்தச் சட்டத்தின்கீழ் வாங்கக்கூடிய கடனுக்கு உச்சவரம்பு 90 பில்லியன் வெள்ளி. ஆண்டு வட்டிச் செலவுக்குத் தனி வரம்பு, 5 பில்லியன். எந்தத் திட்டத்துக்கும் இந்தப் பணம் போகாது. அரசாங்கத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், தேச அளவில் முக்கியமாக இருக்க வேண்டும், குறைந்தது 4 பில்லியன் செலவாக வேண்டும், குறைந்தது 50 ஆண்டு உழைக்க வேண்டும். ரயில் பாதைகள், பெரிய விரைவுச்சாலைகள், ஏறிவரும் கடலைத் தடுக்கும் சுவர்கள் இதில் அடங்கும்.

இரண்டு வரம்புகள் ஏன் என்று கேட்டால், ஒன்றை ஒன்று காவல் காக்கிறது. 5ஐ 90ஆல் வகுத்தால் சுமார் 5.56 விழுக்காடு. சராசரி வட்டி அதற்குக் கீழே இருக்கும்வரை 90 பில்லியன் என்பதே எல்லை. வட்டி 6 விழுக்காட்டுக்குப் போனால் 83 பில்லியனிலேயே இரண்டாவது பூட்டு விழுந்துவிடும். விலை ஏறும்போது தானாகவே கை இறுகும் ஏற்பாடு இது. உலகில் பல நகரங்களின் கடன் விதிகளில் தொகை வரம்பு மட்டும் இருக்கும், இந்த இரண்டாவது பூட்டு இருக்காது.

இதற்கும் மேலே அரசமைப்பு நிற்கிறது. 144ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் கொடுத்த அதிகாரம் இல்லாமல் அரசாங்கம் கடன் வாங்க முடியாது. அதிபரின் இணக்கமும் அந்தப் பிரிவுக்குள் வருகிறது. கடனுக்கு இணங்கவோ மறுக்கவோ கூடிய அந்தச் சாவியை இப்போது வைத்திருக்கும் அதிபர் தர்மன் சண்முகரத்னம் 2007 முதல் 2015 வரை நிதியமைச்சராக இருந்தவர் என்பதால், பூட்டின் உள்பாகம் அவருக்குத் தெரியாததல்ல.

ஆக, 'அளவுக்கு மீறிக் கடன் வாங்கிவிடுவார்களோ' என்பது உங்கள் கவலையானால், நான்கு வழிகளிலும் இதுவே கெட்டி. கவலைப்பட வேண்டிய இடம் வேறு. 2021 செப்டம்பரில் முதல் உள்கட்டமைப்புப் பத்திரம் வெளியானது: 30 ஆண்டு, 2.6 பில்லியன் வெள்ளி. வாசலைத் தாண்டி உள்ளே போன அந்தப் பணம் எந்த ஒப்பந்தத்தில் எவ்வளவு, முதலில் ஒப்புக்கொண்டதைவிட எவ்வளவு கூடுதல் என்று சட்டத்தின் வரம்புகள் எதுவும் கேட்பதில்லை.

அதைக் கேட்பவர் தலைமைக் கணக்காய்வாளர். அவருடைய அலுவலகம் அரசாங்கக் கணக்குகளை ஆண்டுதோறும் பார்க்கிறது. ஆணைபெற்ற கழகங்கள் பலவற்றைச் சுழற்சி முறையில் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறது. தரமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் நாள்காட்டியை வைத்துப் பாருங்கள். மே மாதத்தில் ஒரு கூடுதல் வேலைக்குக் கையெழுத்தாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிதியாண்டு முடிவது அடுத்த மார்ச்சில். கணக்காய்வு அறிக்கை வெளிவருவது ஜூலையில். நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அதை எடுத்துக்கொண்டு விளக்கம் கேட்டு அறிக்கை தரும்போது இன்னும் பல மாதம் போயிருக்கும். கையெழுத்துக்கும் கேள்விக்கும் நடுவே குறைந்தது 14 மாதம். கான்கிரீட் காய்ந்து, அதன்மேல் தண்டவாளம் போட்டாகிவிடும். போதாக்குறைக்கு, எடுத்துப் பார்ப்பது மாதிரிகளைத்தான். குறிப்பிட்ட ஒரு பத்திரப் பணத்தைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பது அந்த முறையின் நோக்கமே அல்ல.

பணம் கசியும் இடம்

பெரிய கட்டுமானத்தில் பணம் கசிவது டெண்டரில் அல்ல. டெண்டர் வெளிச்சத்தில் நடக்கிறது. கசிவது டெண்டருக்குப் பிறகு வரும் மாற்று வேலைகளில். ஒப்பந்தத்தோடு ஒரு விலைப்பட்டியல் இருக்கும்: இத்தனை கன மீட்டர் மண் அள்ள இவ்வளவு, ஒரு டன் கம்பிக்கு இவ்வளவு. பட்டியலில் உள்ள வேலை கூடினால் அந்த விலையைப் பெருக்கிக்கொள்ளலாம். பட்டியலிலேயே இல்லாத வேலை வந்தால் புதிதாக விலை பேச வேண்டும். துறையில் அதை 'ஸ்டார் ரேட்' என்பார்கள். குத்தகையாளர் இரண்டு மூன்று விநியோகிப்பாளரிடம் விலைப்புள்ளி வாங்கித் தருவார், ஆலோசகர் சரிபார்ப்பார், வாரிய அதிகாரி ஒப்புக்கொள்வார்.

ஓட்டை இங்கேதான். விலைப்புள்ளியைக் கொண்டுவந்து கொடுப்பவர், விலை ஏறினால் லாபம் அடையப்போகிறவர். மூன்று நிறுவனங்களின் கடிதங்களிலும் ஒரே எழுத்துப்பிழை இருந்தால், அவை ஒரே மேசையில் தயாரானவை. வேலையை முடித்துவிட்டுப் பிறகு ஒப்புதல் வாங்குவது அடுத்த நோய். அந்த நிலையில் அதிகாரிக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் வாய்ப்பே இல்லை. மூன்றாவது, நீக்கப்பட்ட வேலைக்குக் கழிவு போடாமல் விடுவது: பளிங்குத் தரைக்குப் பதில் சாதாரண ஓடு போட்டிருப்பார்கள், ஓட்டுக்குப் பணம் கூட்டியிருப்பார்கள், பளிங்கைக் கழித்திருக்க மாட்டார்கள். தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கைகளில் மாற்று வேலைகளைப் பற்றியும் சந்தேகத்துக்கிடமான விலைப்புள்ளிகளைப் பற்றியும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் குறிப்புகள் வந்துள்ளன. அவை எல்லாம் இந்தப் பத்திரத் திட்டங்கள் அல்ல. நோய் ஒன்றுதான்.

பத்திரத்துக்கே உரிய கசிவுகளும் உண்டு. பணத்தைத் தேவைக்கு முன்பே திரட்டிவிடுவது ஒன்று: 100 மில்லியனை 3 விழுக்காட்டு வட்டிக்கு வாங்கி, 18 மாதம் 2 விழுக்காடு தரும் இடத்தில் போட்டு வைத்தால் ஒன்றரை மில்லியன் காற்றோடு போச்சு. குறுகிய ஆயுள் பொருளுக்கு நீண்டகாலக் கடனை இழுப்பது இன்னொன்று. சுரங்கம் நூறாண்டு தாங்கும். ரயில்பெட்டியும் சமிக்ஞைக் கருவியும் முப்பது ஆண்டில் ஓய்ந்துவிடும். 50 ஆண்டு என்ற சட்ட நிபந்தனை முழுத் திட்டத்தைப் பார்த்துச் சொல்லப்படுகிறதா, ஒவ்வொரு பாகத்தையும் பார்த்தா என்பது கண்காணிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று. 4 பில்லியன் என்ற கீழ்வரம்பும் அப்படித்தான். வரம்புக்குக் கீழே நிற்கும் இரண்டு மூன்று வேலைகளைக் கட்டி ஒரே திட்டமாக்கினால் வரம்பைத் தாண்டிவிடலாம் என்ற ஆசை எந்த நிர்வாகத்துக்கும் வரக்கூடியது.

பசுமை அறிக்கை: எங்கே போனது என்று சொல்லும்

சுற்றுச்சூழலுக்கு நன்மை தரும் திட்டங்களுக்கென்றே வெளியிடுவது பசுமைப் பத்திரம். அதற்கான விதிகளைச் சொல்லும் சிங்கப்பூரின் பசுமைப் பத்திரக் கட்டமைப்பு 2022 ஜூனில் வெளியானது. பொதுத்துறை 2030க்குள் 35 பில்லியன் வெள்ளிவரை பசுமைப் பத்திரம் வெளியிடலாம் என்று அந்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னார்கள். ஆகஸ்டில் முதல் பத்திரம் வந்தது: 50 ஆண்டு, 2.4 பில்லியன், விளைவட்டி 3.04 விழுக்காடு. முதிர்வு 2072ல். அதில் 50 மில்லியன் பொதுமக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பணம் ஜூரோங் வட்டார ரயில் பாதைக்கும் குறுக்குத் தீவு ரயில் பாதைக்கும்.

கழகங்களும் அதே காலத்தில் இறங்கின. சுற்றுப்புற வாரியம் 2021ல் 1.65 பில்லியன் திரட்டியது, துவாசில் கட்டும் ஒருங்கிணைந்த கழிவு நிர்வாக ஆலைக்காக. வீவக 2022ல் தன் முதல் பசுமைப் பத்திரத்தில் ஒரு பில்லியன், பொதுப் பயனீட்டுக் கழகம் அதே ஆண்டில் 800 மில்லியன்.

இந்த வழியின் பலம் என்ன? ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வர வேண்டும். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, சுற்றுச்சூழலுக்கு என்ன பலன் என்று அதில் இருக்கும். பசுமை அல்லாத உள்கட்டமைப்புப் பத்திரத்துக்கு இப்படி முதலீட்டாளர் கையில் கொடுக்கும் ஒதுக்கீட்டு அறிக்கை என்ற மரபு இல்லை. வடக்கு-தெற்கு விரைவுச்சாலையைப் பார்க்க விரும்புகிறவரைவிடக் குறுக்குத் தீவுப் பாதையைப் பார்க்க விரும்புகிறவர் கையில் ஒரு தாள் கூடுதலாக இருக்கிறது.

பலவீனம் கொஞ்சம் வேடிக்கையானது. ஒதுக்கீடு என்பது ஏட்டில் போடும் பொருத்தம்: இந்தப் பத்திரத்தின் 2.4 பில்லியனுக்கு எதிரே தகுதியான செலவு 2.4 பில்லியன் காட்ட வேண்டும். திட்டத்தின் செலவு மீறினால் என்ன ஆகும்? தகுதியான செலவு வேகமாகச் சேரும். 'நூறு விழுக்காடு ஒதுக்கப்பட்டுவிட்டது' என்று சீக்கிரமே அறிவிக்கலாம். செலவு மீறிய திட்டம்கூட இந்த அறிக்கையில் நல்ல மாணவனாகத் தெரியும். பத்திரம் பசுமையானதுதானா என்று வெளியாரிடம் வாங்கும் இரண்டாம் கருத்தும் கட்டமைப்பு விதிகளை மதிப்பிடுவது. கட்டுமானத் தளத்தில் இறங்கிக் கம்பியை எண்ணுவதல்ல.

கழகப் பத்திரங்களில் இன்னொரு சிக்கல். வீவக பத்திரத்தின் குறைந்தபட்ச அலகு 250,000 வெள்ளி. வாங்குபவை பெரும்பாலும் வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் நிதி மேலாளர்களும். கேள்வி கேட்கும் உரிமையுள்ள முதலீட்டாளருக்கு வட்டி வந்தால் போதும். தண்ணீர்க் கட்டணத்திலும் வாடகையிலும் பாதிக்கப்படப்போகிற குடியிருப்பாளர் முதலீட்டாளர் அல்ல. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வீவக இருப்பதால் அதன் வரவுசெலவு அதிபரிடம் போகிறது. பொதுப் பயனீட்டுக் கழகமோ சுற்றுப்புற வாரியமோ நிலப் போக்குவரத்து ஆணையமோ அந்த அட்டவணையில் இல்லை. அவற்றின் கடனுக்கு அமைச்சரின் ஒப்புதலும் ஆண்டுக் கணக்காய்வும்தான் காவல்.

சான் ஃபிரான்சிஸ்கோ: குடிமக்கள் குழு

அங்கே நகரம் பொதுக்கடன் பத்திரம் வெளியிட வேண்டுமென்றால் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொள்ள வேண்டும். திருப்பிக் கட்டுவது சொத்து வரியிலிருந்து. 2002ல் வாக்கெடுப்பு மூலமாகவே ஒரு கண்காணிப்புக் குழுவையும் அமைத்தார்கள். உறுப்பினர் 9 பேர். மேயர் மூவரை நியமிக்கிறார், நகரத்தின் சட்டமன்றமான மேற்பார்வையாளர் மன்றம் மூவரை, நகரத்தின் கணக்குத் தலைவர் இருவரை, நகர நிர்வாகத்தை விசாரிக்கும் குடிமக்கள் அமைப்பான குடிமைப் பெருங்குழு ஒருவரை. ஒரே கையிலிருந்து ஒன்பது பேரும் வராதபடி பிரித்திருக்கிறார்கள்.

நுட்பம் இரண்டு இடத்தில். முதலாவது காசு. பத்திரத் தொகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு குழுவின் வேலைக்கென்றே ஒதுக்கப்படுகிறது. 2008ல் பொது மருத்துவமனையைப் புதிதாகக் கட்ட 887.4 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாக்காளர் ஒப்புதல் கிடைத்தது. அதில் ஆயிரத்தில் ஒன்று என்றால் சுமார் 887,000 டாலர். சொந்தக் காசில் கணக்காய்வாளரை அமர்த்த முடிகிற குழுவும், திணைக்களம் கொடுக்கும் பவர்பாயிண்டைப் பார்த்துத் தலையாட்டும் குழுவும் ஒன்றல்ல. இரண்டாவது, பல். பணம் வாக்குச்சீட்டில் சொன்ன நோக்கத்துக்கு வெளியே போனது என்று உறுதியானால், இன்னும் விற்காத பத்திரங்களை விற்கவிடாமல் குழு தடுக்கலாம். அந்தத் தடையை மாற்ற மேற்பார்வையாளர் மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

கலிஃபோர்னியாவின் பள்ளி மாவட்டங்களிலும் இதன் தம்பிகள் உண்டு. 2000ல் வந்த சட்டத்தின்படி 55 விழுக்காட்டு வாக்கில் பள்ளிப் பத்திரம் நிறைவேறினால், 60 நாளுக்குள் குறைந்தது 7 பேர் குழு அமைய வேண்டும். மாவட்டத்தின் ஊழியரோ குத்தகையாளரோ ஆலோசகரோ அதில் உட்கார முடியாது. ஆண்டுக்கு இரண்டு கணக்காய்வு: கணக்குச் சரியா என்று ஒன்று, சொன்ன வேலைகளுக்கு மட்டும் காசு போனதா என்று ஒன்று.

எங்கே சறுக்குகிறது? இடங்கள் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும். சம்பளமில்லாத உறுப்பினருக்கு விலைப்பட்டியல் படிக்கத் தெரியாது, சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்காது. தரவு வருவது எந்தத் துறையைக் கண்காணிக்கிறார்களோ அதே துறையிலிருந்து. குழுவின் அளவுகோல் 'வாக்குச்சீட்டில் சொன்ன நோக்கத்துக்குப் போனதா' என்பதுதான். நோக்கத்துக்குள்ளேயே இரட்டிப்பு விலை கொடுத்திருந்தால் குறை சொல்லத் திணறும்.

சிங்கப்பூருக்கு இதை அப்படியே கொண்டுவரலாமா? வராது. குழு சும்மா நிற்கவில்லை, இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று, வாக்குச்சீட்டில் அச்சான வாசகம், அதுதான் அளவுகோல். இன்னொன்று, கூட்டங்களைத் திறந்து வைக்கவும் ஆவணங்களைக் கொடுக்கவும் கட்டாயப்படுத்தும் மாநிலச் சட்டங்கள். இங்கே பத்திரத்துக்கு வாக்கெடுப்பு இல்லை, தகவல் உரிமைச் சட்டமும் இல்லை. கால்களை விட்டுவிட்டு உடலை மட்டும் இறக்குமதி செய்தால், மாதம் ஒரு முறை தேநீர் குடிக்கும் குழுவாகிவிடும்.

சென்னை: காசு போட்டவனுக்கு முதல் பாதுகாப்பு

பெருநகரச் சென்னை மாநகராட்சி 2025 மே மாதம் முதன்முதலாகப் பத்திரம் வெளியிட்டுத் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. 200 கோடி ரூபாய், வட்டி 7.97 விழுக்காடு, கொசஸ்தலையாறு வடிநிலத்தின் மழைநீர் வடிகால் வேலைக்காக. இந்தியாவில் இப்படிப்பட்ட பத்திரங்களுக்குப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2015ல் விதிகள் போட்டது. திரட்டிய பணம் சொன்ன திட்டத்துக்கு மட்டும், தனிக் கணக்கில். பொதுவாக, சொத்து வரி வருமானம் முதலில் ஒரு காப்புக் கணக்கில் விழும். பத்திரத்தின் தவணையை ஒதுக்கிய பிறகே மாநகராட்சி மிச்சத்தைத் தொட முடியும்.

பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பது என்ற ஒன்றில் சென்னை முறை சிங்கப்பூர் முறையைவிடத் தெளிவானது. ஆனால் இந்தக் காப்பு யாருக்காக? வட்டி வாங்குபவருக்காக. வடிகால் எத்தனை கிலோமீட்டர் முடிந்தது என்பது காப்புக் கணக்கின் கவலை இல்லை. அதற்குக் குடியிருப்பாளர் தகவல் உரிமைச் சட்டத்தைத்தான் நாட வேண்டும். 1998ன் டெண்டர் வெளிப்படைச் சட்டமும் தமிழ்நாட்டில் கைகொடுக்கிறது. கொசஸ்தலையாறு வேலைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021ல் 251 மில்லியன் அமெரிக்க டாலர் கடன் ஒப்புக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே வாய்க்காலுக்குப் பல காசு, பல கண்காணிப்பாளர். ஊர் கூடித் தேர் இழுப்பதைப் போலத் தோன்றும். 'அவர் பார்த்திருப்பார்' என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடும் ஆபத்தும் அதே அளவு உண்டு.

எதைக் கேட்பது?

சிங்காவின் வாசல் பூட்டை யாரும் தொட வேண்டாம். அது நன்றாக இருக்கிறது. சென்னையின் காப்புக் கணக்கு சிங்கப்பூருக்குத் தேவையற்றது, ஏனென்றால் அரசாங்கம் வட்டி கட்டாமல் விட்டுவிடும் என்பது இங்கே யாருடைய பயமும் இல்லை. சண்டை பசுமை அறிக்கைக்கும் குடிமக்கள் குழுவுக்கும் நடுவில்தான்.

எங்கள் தேர்வு பசுமை அறிக்கை, ஆனால் இப்போதுள்ள வடிவில் அல்ல. எல்லா உள்கட்டமைப்புப் பத்திரத்துக்கும் அதை நீட்டி, நான்கு கட்டங்களைக் கூட்ட வேண்டும்: பத்திரம் வெளியிடும் முன் ஒப்புக்கொண்ட மதிப்பீடு, இன்றைய மதிப்பீடு, இதுவரை ஒப்புக்கொண்ட மாற்று வேலைகளின் மொத்தம், முதலில் சொன்ன நிறைவு ஆண்டும் இப்போதைய ஆண்டும். நான்காவது கட்டம் அலங்காரம் அல்ல. ஜூரோங் வட்டாரப் பாதையின் முதல் கட்டத்தை முதலில் 2026 என்றார்கள், கொவிட்டுக்குப் பிறகு 2027 என்று மாற்றினார்கள். வடக்கு-தெற்கு விரைவுச்சாலையின் சுரங்கப் பகுதிக்கு 2029 என்றார்கள். காரணம் நியாயமானதே. ஆனால் ஓராண்டுத் தாமதத்துக்குக் குத்தகையாளருக்குத் தரும் ஈட்டுத்தொகை எவ்வளவு என்பது அந்தக் கட்டத்தை வைத்துத்தான் கேட்கவே முடியும். வாக்குச்சீட்டு வாசகம் இல்லாத ஊருக்கு முதல் கட்டமே அளவுகோலாக இருக்கும்.

சான் ஃபிரான்சிஸ்கோவிடமிருந்து எடுக்க வேண்டியது குழுவை அல்ல, ஆயிரத்தில் ஒன்றை. 2.6 பில்லியன் பத்திரத்துக்கு அது 2.6 மில்லியன் வெள்ளி. கட்டுமான அளவையும் விலையையும் கணக்கிடும் குவான்டிட்டி சர்வேயர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை ஓராண்டு முழுக்கத் தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகத்தில் அமர்த்தி, மாற்று வேலைகளை ஒப்புக்கொள்ளும்போதே பார்க்க வைக்கலாம். 14 மாத இடைவெளி சில வாரங்களாகச் சுருங்கும். 90 பில்லியனுக்கும் சேர்த்தே 90 மில்லியன்தான். டௌன்டவுன் பாதையின் 8.7 பில்லியனில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தடுத்தாலே அசல் வந்துவிடும்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதில் உண்மையும் உண்டு: இன்றைய மதிப்பீட்டை வெளிப்படையாகச் சொன்னால் அடுத்த டெண்டரில் குத்தகையாளர்கள் அந்த எண்ணைப் பார்த்து விலை போடுவார்கள். அதனால் ஒப்பந்தவாரியாக வேண்டாம், பாதைவாரியாகப் போதும். முப்பது ஒப்பந்தங்களின் கூட்டுத்தொகையைப் பார்த்து ஒரு நிலையத்தின் விலையை எவரும் ஊகிக்க முடியாது.

காத்திருக்காமல் செய்யக்கூடியது

புதிய ஏற்பாடு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டத்தோடு வரும் மதிப்பீட்டு நூலை எடுங்கள். போக்குவரத்து அமைச்சின் பகுதியில் வளர்ச்சிச் செலவுகள் திட்டவாரியாக இருக்கும்: மொத்தச் செலவு, இதுவரை செலவானது, நடப்பாண்டுத் திருத்தம், அடுத்த ஆண்டு மதிப்பீடு. ஒரே திட்டத்தின் வரியை மூன்று ஆண்டு நூல்களிலிருந்து எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மொத்தச் செலவு நகர்ந்திருக்கிறதா? திட்டத்தின் பெயர் மாறியிருக்கிறதா, இரண்டாகப் பிரிந்திருக்கிறதா? மொத்தக் கட்டம் நிரப்பப்படாமல் இருக்கிறதா? அதே வரவுசெலவுத் திட்டத்தின் நிதி நிலவர அட்டவணையில் 'தேச முக்கியத்துவ உள்கட்டமைப்பை மூலதனமாக்கல்', 'தேய்மானம்', 'சிங்கா வட்டியும் கடன் செலவும்' என்ற மூன்று வரிகளைத் தேடுங்கள். முதல் வரிதான் செலவை ஆண்டுக் கணக்கிலிருந்து வெளியே எடுத்து வைக்கும் இடம். அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு செலவு இந்த ஆண்டின் பற்றாக்குறையில் தெரியாமல் நிற்கிறது.

பிறகு உங்கள் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி. கேள்வியை எழுத்தில் கொண்டுபோங்கள். 'அரசாங்கம் செலவைக் கட்டுப்படுத்துகிறதா?' என்று கேட்டால் 'ஆம்' என்று பதில் வரும், அதோடு முடிந்தது. நாடாளுமன்றத்தில் இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: 'சிங்கா சட்டத்தின்கீழ் நிதி பெற்ற ஒவ்வொரு திட்டத்துக்கும், (அ) முதல் கடன் வாங்கப்பட்ட நாளில் இருந்த மதிப்பீடு என்ன, (ஆ) சென்ற மார்ச் 31ல் இருந்த மதிப்பீடு என்ன, (இ) இடையில் ஒப்புக்கொண்ட மாற்று வேலைகளின் மொத்த மதிப்பு என்ன?' இதில் எண்ணைத் தவிர வேறு எதையும் பதிலாகச் சொல்ல முடியாது. சொல்ல மறுத்தால் மறுப்பும் நாடாளுமன்ற ஏட்டில் பதிவாகும். கேள்விக்கு ஏழு முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் அமர்வுக்கு இரண்டு வாரம் முன்பே போய்விடுவது நல்லது. பிப்ரவரி-மார்ச்சில் நடக்கும் நிதி ஒதுக்கீட்டு விவாதம் இன்னும் பொருத்தமான நேரம்: அமைச்சின் நிதியில் 100 வெள்ளியைக் குறைக்கும் தீர்மானம் கொண்டுவந்துதான் உறுப்பினர்கள் அங்கே பேசுகிறார்கள். பல பில்லியன் கணக்கைக் கேட்க நூறு வெள்ளி நுழைவுச்சீட்டு, மலிவுதான்.

எழுத்துபூர்வப் பதில் வந்ததும் அந்த மூன்று எண்களையும் உங்கள் பட்டியலில் நான்காவது வரியாகச் சேர்த்துவிட்டு, அடுத்த பிப்ரவரி நூலுக்குக் காத்திருங்கள்.